ஸ்டீராய்டைக் குறைக்கும் மாதங்களில் உடற்பயிற்சி: எந்த வழி யாருக்கு?

தோளையும் இடுப்பையும் இறுக்கும் அழற்சி நோயான பாலிமயால்ஜியா ருமாட்டிகா உள்ளவருக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை முதல் வாரத்தில் வரமாகத்தான் தெரியும். தோளும் இடுப்பும் இறுகிப்போய், படுக்கையில் புரளவே சிரமப்பட்டவர் சில நாட்களில் படியேறுவார். சோதனை அதற்குப் பின்னால் வருகிறது. மருந்தைக் கீழே கொண்டுவர வேண்டும். திரும்பக் கிடைத்த நடையையும் நீச்சலையும் மிதிவண்டியையும் விட்டுக்கொடுக்கவும் மனம் வராது. எவ்வளவு வேகமாகக் குறைப்பது என்று கேட்டால் மருத்துவரிடம் அட்டவணை இருக்கும். குறைக்கும்போது எவ்வளவு நடக்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்று கேட்டால் ‘முடிந்த அளவு’ என்பதே பெரும்பாலும் பதில். இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், தாளில் ஒன்றுபோலத் தோன்றும் அட்டவணைகள் உடலில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது புரியும்.

தொடக்கக் கட்டத்தில் தேர்வுக்கு அதிக இடமில்லை. ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் மருத்துவ அமைப்புகள் 2015இல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, நாளுக்கு 12.5 முதல் 25 மி.கி. வரை தொடங்கி, 4 முதல் 8 வாரங்களில் 10 மி.கிராமுக்கு வரச் சொல்கிறது. பெரும்பாலானோர் இந்த இறக்கத்தை அதிகம் தள்ளாடாமல் கடக்கிறார்கள். 10இல் நிற்கும்போதுதான் பாதைகள் பிரிகின்றன. மாதம் ஒரு மி.கி. வீதம் இறங்கலாம், அரை அரை மி.கிராமாக இறங்கலாம், 5 அல்லது அதன் அருகில் போய் நின்றுவிடலாம், அல்லது வேறொரு மருந்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு இறங்கலாம்.

5 மி.கி. என்ற எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. நம் அட்ரீனல் சுரப்பிகள் ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற உடலின் சொந்த ஸ்டீராய்டு, ஏறத்தாழ 4 முதல் 6 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். வெளியிலிருந்து அதைவிட அதிகமாக வரும்வரை மூளையிலுள்ள ஹைபோதலாமசும் பிட்யூட்டரியும் அட்ரீனலுக்கு உத்தரவு அனுப்புவதைக் குறைத்துவிடுகின்றன. மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் மருந்து தொடர்ந்தாலே இந்த உறக்கம் வரலாம். 5க்குக் கீழே ஒவ்வொரு மி.கிராம் குறையும்போதும் அந்தப் பள்ளத்தைச் சுரப்பி தானே நிரப்ப வேண்டும். அது விழித்துக்கொள்ளச் சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம்.

கடினமான உடற்பயிற்சி இந்த இடத்தில்தான் வந்து முட்டுகிறது. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு வேகமான பயிற்சியின்போது கார்ட்டிசால் உயரும். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சிஜன் உட்கொள்ளும் உச்சத்திறனில் 60 விழுக்காட்டிலும் 80 விழுக்காட்டிலும் அரை மணி நேரம் உழைத்தவர்களுக்கு அது உயர்ந்தது. 40 விழுக்காட்டில் உயரவில்லை. அதாவது, பேசிக்கொண்டே போகக்கூடிய நடை உறங்கும் சுரப்பியிடம் எதையும் கேட்பதில்லை. மூச்சு வாங்கும் ஓட்டம் கேட்கிறது. பதில் வராதபோது கால்கள் ஈயம்போல் கனக்கின்றன, மறுநாள் முழுவதும் சோர்வில் போகிறது. இதற்காகச் சாதாரணப் பயிற்சி நாட்களில் கூடுதல் மாத்திரை போட்டுக்கொள்ளத் தேவையில்லை. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் இறக்கம் என்பதே இல்லாமல் போகும்.

மாதம் ஒரு மி.கிராம்

2015 பரிந்துரை சொல்லும் வேகம் இதுதான்: நான்கு வாரத்துக்கு ஒரு மி.கி. 10இலிருந்து பூஜ்யத்துக்கு 40 வாரம். மொத்தமாக உட்செல்வது 1,540 மி.கி. எளிய அட்டவணை, நினைவில் நிற்கும், மருந்தின் சுமையும் குறைவு.

குறை அதன் கணக்கிலேயே இருக்கிறது. 10இலிருந்து 9க்கு வருவது பத்தில் ஒரு பங்கு குறைப்பு. 5இலிருந்து 4க்கு வருவது ஐந்தில் ஒரு பங்கு. 2இலிருந்து 1க்கு வருவது சரிபாதி. அட்டவணையில் படிகள் ஒரே உயரம். உடலுக்குக் கீழே போகப் போக ஒவ்வொரு படியும் உயர்ந்துகொண்டே போகிறது. இந்த நோயில் பாதிக்கு நெருக்கமானோர் வழியில் ஒருமுறையாவது நோய் தலைதூக்கக் காண்கிறார்கள். அவர்களுக்கு இந்த வழியின் சிக்கனமும் கரைகிறது. 4இல் நோய் திரும்பி, மறுபடி 10இலிருந்து அதே வேகத்தில் இறங்க நேர்ந்தால் மொத்தம் 2,900 மி.கிராமைத் தாண்டுகிறது. உண்மையில் பரிந்துரை அவ்வளவு மேலே ஏறச் சொல்லவில்லை. நோய் திரும்புவதற்கு முன் இருந்த அளவுக்குப் போய், 4 முதல் 8 வாரங்களில் நோய் திரும்பிய அளவுக்கு மெல்ல வரச் சொல்கிறது. ஆனால் பதற்றத்தில் நோயாளியும் சில நேரம் மருத்துவரும் வேண்டியதைவிட உயர ஏறிவிடுகிறார்கள்.

10க்கும் 5க்கும் இடையில் இந்த வேகம் நியாயமானது என்பது என் கருத்து. அந்தப் பகுதியில் அட்ரீனலிடம் அதிகம் எதிர்பார்ப்பு இல்லை. நோய் அடங்கியிருக்கிறதா என்பதே பெரும்பாலும் கேள்வி. பயிற்சியும் அங்கே பெரிதாகத் தடுமாறுவதில்லை.

அரை மி.கிராம் வழி

நான்கு வாரத்துக்கு அரை மி.கி. வீதம் 10இலிருந்து இறங்கினால் 80 வாரம் ஆகும். மொத்தம் 2,940 மி.கி. தங்குதடையற்ற முதல் வழியைவிட ஏறக்குறைய இரு மடங்கு மருந்து. எலும்புக்கும் கண்ணுக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் அந்தக் கூடுதல் சுமை இலவசமாக வருவதில்லை. எனவே முழுத் தூரத்தையும் இந்த வேகத்தில் நடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 10இலிருந்து 5 வரை ஒரு மி.கிராமாகவும் அதற்குக் கீழே அரை மி.கிராமாகவும் இறங்கினால் 60 வாரம், 1,890 மி.கி. முதல் வழியைவிட 350 மி.கி. மட்டுமே அதிகம், செங்குத்தான படிகள் எல்லாம் பாதி உயரத்துக்கு வந்துவிடும். சுறுசுறுப்பாக இருக்க விரும்புபவருக்கு இந்தக் கலப்பு வழியே முதல் தேர்வு என்று சொல்வேன்.

செயல்படுத்துவதில் சில சில்லறைத் தொல்லைகள் உண்டு. அரை மி.கிராமுக்கு, நடுவில் கோடு போட்ட சாதாரண 1 மி.கி. மாத்திரை வேண்டும். குடலில் கரையும்படி பூச்சிட்ட மாத்திரையை உடைக்கக் கூடாது. உடைக்கும் வேலை வேண்டாம் என்றால் ஒருநாள் 5, மறுநாள் 4 என்று மாற்றிப் போட்டு, சில வாரம் கழித்து எல்லா நாளும் 4க்கு வரலாம், சராசரி 4.5தான். இதை ஒருநாள் மருந்து, ஒருநாள் வெறும் வயிறு என்ற முறையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மாற்றுநாள் முறை சில நோய்களில் பயன்படுகிறது. ஆனால் பாலிமயால்ஜியாவின் நெருங்கிய உறவான ராட்சத செல் தமனி அழற்சியில் அது நோயைச் சரியாக அடக்கவில்லை என்பது 1970களிலேயே தெரிந்துவிட்டது. 5-4 முறையில் இருப்பவர்கள் நீண்ட நடையை 5 போடும் நாளுக்கு ஒதுக்கிக்கொள்வதைப் பார்க்கலாம். அதில் தீங்கில்லை, ஆனால் மாத்திரையைப் பயிற்சிக்கான எரிபொருளாக மனம் நினைக்கத் தொடங்குவதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

5இல் நின்றுவிட்டால் என்ன?

பலருக்கும் உள்ளூர இருக்கும் ஆசை இது. நன்றாக நடக்கிறோம், நன்றாகத் தூங்குகிறோம், 5 மி.கி. சின்ன அளவுதானே? பாலிமயால்ஜியாவில் இதைப் பற்றி நேரடியான பெரிய ஒப்பீடுகள் குறைவு. முடக்குவாதம் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்ற மூட்டு அழற்சி நோயில் இரண்டு ஆய்வுகள் எதிரெதிர்த் திசையிலிருந்து வெளிச்சம் தருகின்றன.

2020இல் வெளியான செமிரா ஆய்வில், டோசிலிசுமாப் என்ற அழற்சி தடுக்கும் மருந்துடன் 5 மி.கி. பிரெட்னிசோன் (பிரெட்னிசோலோனுக்கு இணையான ஸ்டீராய்டு) எடுத்து நோய் அடங்கியிருந்தவர்களை இரு பிரிவாக்கினார்கள். 5இலேயே நின்றவர்களில் 77 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியே இருந்தது; நான்கு வாரத்துக்கு ஒரு மி.கி. வீதம் பூஜ்யத்துக்கு வந்தவர்களில் 65 விழுக்காட்டினருக்கு. இதை இரு விதமாகவும் படிக்கலாம். நிறுத்தியவர்களில் மூவரில் இருவர் நன்றாகவே இருந்தார்கள்; ஆனால் நிற்பதில் சிறிய பாதுகாப்பும் இருந்தது. 2022இல் வெளியான குளோரியா ஆய்வு 65 வயதும் அதற்கு மேலும் ஆன முடக்குவாத நோயாளிகளை இரண்டு ஆண்டு பார்த்தது. நாளுக்கு 5 மி.கி. எடுத்தவர்களுக்கு நோய் குறைவாக இருந்தது. ஆனால் கவனிக்கத்தக்க பக்கவிளைவு ஒன்றாவது வந்தவர்கள் 60 விழுக்காடு. போலி மாத்திரை எடுத்தவர்களில் 49. கூடுதலாக வந்தவற்றில் பெரும்பகுதி கடுமையற்ற தொற்றுகள்.

ஆக 5இல் நிற்பது குற்றமும் இல்லை, இலவசமும் இல்லை. இருமுறை இறங்க முயன்று, இரு முறையும் ஒரே இடத்தில் நோய் திரும்பியவருக்கு ஆறு மாதம் அங்கேயே தங்கி, வலுவைக் கூட்டிக்கொண்டு மறுபடி முயல்வது நல்ல யோசனை. இறங்கப் பயந்து நிற்பவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். எலும்பு அடர்த்திச் சோதனை, நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் (உணவையும் சேர்த்து), வைட்டமின் டி, ஆண்டுக்கொருமுறை கண் பரிசோதனை ஆகியவை ‘நிற்கிறேன்’ என்ற முடிவோடு சேர்ந்தே வர வேண்டும்.

துணை மருந்து

மெத்தோட்ரெக்சேட் பழைய துணை. வாரத்துக்கு 7.5 முதல் 10 மி.கி., கூடவே ஃபோலிக் அமிலம், கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் தொடர் சோதனை. சிலருக்கு மாத்திரை போட்ட மறுநாள் குமட்டலிலும் களைப்பிலும் போகும். அந்த நாளை ஓய்வு நாளாக வைத்துக்கொண்டால் பயிற்சிக் கணக்கு குலையாது. புதிய துணை, இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் செய்தியைத் தடுக்கும் ஊசிகள். ஸ்டீராய்டைக் குறைக்க முடியாத பாலிமயால்ஜியா நோயாளிகளுக்கு சாரிலுமாப் தர அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் அனுமதி தந்தது. அந்த ஆய்வில் 52 வாரத்தில் நோய் நீடித்து அடங்கியிருந்தவர்கள் 28 விழுக்காடு, வெறும் ஸ்டீராய்டுப் பிரிவில் 10 விழுக்காடு. முன்னேற்றம் கணிசமானதுதான், ஆனால் ஊசி எடுத்தவர்களிலும் பெரும்பாலோர் அந்த இலக்கை எட்டவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பயிற்சி செய்பவர் அறிய வேண்டிய ஒரு விவரம் இந்த ஊசிகளில் ஒளிந்திருக்கிறது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்தக் குறியீட்டைக் கல்லீரல் உண்டாக்குவதே இன்டர்லூக்கின்-6இன் தூண்டுதலால்தான். அதைத் தடுத்துவிட்டால் நோய் இருந்தாலும், ஏன் தொற்றே இருந்தாலும், சி.ஆர்.பி. தாழ்ந்தே நிற்கலாம். தோள்வலி நோயாலா பயிற்சியாலா என்று தீர்ப்புச் சொல்ல இருந்த சாட்சி அப்போது ஊமையாகிவிடும்.

வலியைப் படிப்பது

எந்த வழியில் இறங்கினாலும் நாள்தோறும் எதிர்ப்படும் கேள்வி இதுதான்: இன்று வலிப்பது எது? நான்கு வேறு காரணங்கள் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன.

பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்த் தணியும். உழைத்த தசையில் மட்டும் வலிக்கும், தொட்டால் நோகும். மருந்தைக் குறைத்ததால் வரும் விலகல் வலி, குறைத்த சில நாட்களுக்குள் உடம்பெங்கும் பரவும். மூட்டு, தசை, மனச்சோர்வு எல்லாம் கலந்து வரும். அளவை அப்படியே வைத்திருந்தால் வாரங்கள் போகப் போகக் குறையும். நோய் திரும்பினால் போக்கு நேர்மாறாக இருக்கும். முதலில் மெலிதாகத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூடும். இரு தோளிலும் இரு இடுப்பிலும் சமமாக வரும். காலை இறுக்கம் முக்கால் மணிக்கு மேல் நீளும். நான்காவது, அட்ரீனல் குறைபாடு. இதில் வலியைவிடச் சோர்வு பெரிது. பசியின்மை, குமட்டல், எழுந்து நின்றால் தலைசுற்றல், எடை குறைதல் ஆகியவை அதன் கையெழுத்து.

தனித்தனியாக வந்தால் பிரித்துவிடலாம். குறைத்த அதே வாரத்தில் நடைத் தூரத்தையும் கூட்டி, புதிதாக எடையும் தூக்கத் தொடங்கியவருக்குப் பத்தாம் நாள் தோள் வலித்தால் மருத்துவருக்கும் அது புரியாது, அவருக்கும் புரியாது. பெரும்பாலும் அஞ்சி மாத்திரையைக் கூட்டுவார்கள். தேவையே இல்லாமல் ஒரு படி பின்னே போயிருப்பார்கள். எனவே நான் வைக்கும் விதி: ஒரே வாரத்தில் இரண்டை மாற்றாதே. மருந்து குறையும் இரு வாரங்களில் பயிற்சி பழைய அளவிலோ, சற்றுக் குறைவாகவோ இருக்கட்டும். நிறுத்திவிடவும் கூடாது, நிறுத்தினால் அதுவும் ஒரு மாற்றம், இறுக்கம் அதனாலேயே கூடும். மூன்றாம் நான்காம் வாரங்கள் தெளிவாக இருந்தால் அப்போது தூரத்தையோ எடையையோ கூட்டலாம். நான்கு வார அட்டவணையின் பெரிய வசதியே இந்த இரு பாதிகள்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைக்கும் அட்டவணையில் பயிற்சியைக் கூட்ட இடமே இருக்காது. இதை நிரூபித்த ஆய்வு என்று எதையும் காட்டவில்லை. காரணகாரியத்தைப் பிரித்தறிய வேண்டும் என்ற எளிய தர்க்கம்தான்.

இரத்தச் சோதனைக்கும் இது பொருந்தும். நீண்ட, கடினமான ஓட்டத்துக்குப் பின் ஒன்றிரண்டு நாள் சி.ஆர்.பி. தானாகவே உயரலாம், தசை நொதியான சி.கே. நிச்சயம் உயரும். இரத்தம் கொடுக்கும் முன் இரண்டு மூன்று நாள் இலேசான நடையோடு நிறுத்திக்கொண்டால் வீண் கலவரம் இருக்காது.

மாத்திரை 5 மி.கிராமுக்குக் கீழே வந்தபின் இன்னொரு கருவி இருக்கிறது: காலைக் கார்ட்டிசால் சோதனை. முந்தைய மாத்திரைக்கும் இரத்தம் எடுப்பதற்கும் இடையில் 24 மணி நேரமாவது விட்டு, காலை எட்டு ஒன்பது மணிக்கு எடுப்பார்கள். 2024இல் ஐரோப்பிய, அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவ அமைப்புகள் சேர்ந்து தந்த வழிகாட்டுதலின்படி, டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துக்கொண்டது எனக் கொள்ளலாம். 5 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் அதே மாத்திரை அளவில் காத்திருந்து சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் அதே அளவைத் தொடர்ந்து, சில வாரம் முதல் சில மாதம் கழித்து மீண்டும் சோதனை. அட்டவணை 3 என்று சொன்னாலும் சுரப்பி இன்னும் உறங்கினால், உடலை வருத்தி நடந்து அதை எழுப்பிவிட முடியாது.

என்ன பயிற்சி?

நடை எல்லா வழிக்கும் பொது. ஆனால் நடை மட்டும் போதாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு முதலில் கரைப்பது தொடையிலும் இடுப்பிலும் உள்ள பெரிய தசைகளை, அதிலும் விரைவாகச் சுருங்கும் இழைகளை. வலி இருக்காது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாதபோதுதான் தெரியவரும். இதற்கு மருந்து, எதிர்ப்புப் பயிற்சி. இதயமாற்று அறுவை செய்துகொண்டு ஸ்டீராய்டில் இருந்தவர்களிடம் 1990களில் நடந்த ஆய்வுகள், முறையான எடைப் பயிற்சி தசைத் தேய்வையும் எலும்பிழப்பையும் பெருமளவு தடுத்ததைக் காட்டின. வாரம் இருமுறை நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது, இழுபட்டையை இழுப்பது ஆகியவற்றில் தொடங்கினால் போதும். நீச்சல் தோளுக்கு இதமானது. எலும்புக்கு எடை தராது என்பதால் தனியாக நம்பியிருக்க முடியாது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிந்து எடை தூக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

பயிற்சி நேரம்கூட மருந்தோடு பேசுகிறது. காலையில் மாத்திரை போட்டு, இறுக்கம் தளர்ந்த பிறகு எடைப் பயிற்சி வைத்துக்கொள்வது வசதி. காலையில் போடும் பிரெட்னிசோலோன் இரத்தச் சர்க்கரையைப் பிற்பகலிலும் மாலையிலும்தான் அதிகம் ஏற்றுகிறது. மதிய உணவுக்குப் பின் ஒரு நடை அந்த ஏற்றத்துக்கு நேரடியான எதிர்வினை.

சில வலிகளுக்கு மேற்கண்ட வகைப்பாடு எதுவும் பொருந்தாது. அவற்றோடு நடக்கக் கூடாது. எடை ஊன்றினால் ஒரு பக்கக் கவட்டையில் ஆழமாக வரும் வலி, தொடை எலும்புத் தலைக்கு இரத்தம் போகாமல் நசிவதன் அறிகுறியாக இருக்கலாம். திடீரென வந்த நடுமுதுகு வலி முள்ளெலும்பு நொறுங்கலாக இருக்கலாம். சிப்ரோஃபிளாக்சசின் போன்ற ஃபுளோரோகுவினலோன் ஆன்டிபயாடிக்கை ஸ்டீராய்டோடு சேர்த்து எடுக்கும் நாட்களில் குதிகால் தசைநார் அறுந்துபோகும் அபாயம் கூடுகிறது; அந்த வாரங்களில் ஓட்டமும் குதிப்பும் வேண்டாம். புதிய தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காய்ச்சல் வந்தால் பயிற்சிக்கு விடுமுறை. அந்த நாட்களில் மாத்திரையை எவ்வளவு கூட்டுவது என்பதை இறங்கத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காமல், தலைசுற்றலும் தளர்ச்சியும் சேர்ந்தால் அது ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படும் அவசரநிலை. தனியாக மலையேறுபவர், நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டுபவர், ‘ஸ்டீராய்டு எடுத்துவருகிறேன்’ என்ற அட்டையைப் பையில் வைத்திருக்க வேண்டும்.

போட்டிகளில் பங்கேற்பவருக்கு ஒரு வார்த்தை. வாய்வழி ஸ்டீராய்டுகளை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு போட்டிக் காலத்தில் தடைசெய்திருக்கிறது. 2022 முதல் மூட்டுக்குள் போடும் ஊசியும் அதில் அடக்கம். மருத்துவக் காரணத்துக்கான விலக்கைக் கேட்டுப் பெறலாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அட்டவணை ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். தேதி, அன்றைய மி.கிராம், காலை இறுக்கம் எத்தனை நிமிடம், அன்று செய்த பயிற்சி என்று நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் முப்பது விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்பதை மாதம் ஒருமுறை அதில் குறித்துவைத்தால், தசை தேய்கிறதா தேறுகிறதா என்பது நினைவை நம்பாமலே தெரியும். அந்த எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போய், மாத்திரை அளவு மட்டும் அப்படியே நிற்கிறது என்றால் துணை மருந்தைப் பற்றிப் பேச நேரம் வந்துவிட்டது.